பால் பேரிங் டர்போவுக்குத் தண்ணீர் இணைப்பு தேவையா? – வாசகர் கேள்வி பதில்

டர்போ பற்றி வந்த கேள்விகளில் ஒன்றையொன்று தொட்டு நிற்பவற்றை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். இன்ஜின் புகையால் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, அதே ஷாஃப்டின் (தண்டின்) மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குத் தருவது டர்போ. அந்த ஷாஃப்டைச் சிறு பந்துகள் தாங்கினால் பால் (ball) பேரிங், ஆயில் படலம் தாங்கினால் ஜர்னல் பேரிங். இங்கே தண்ணீர் என்பது இன்ஜினைக் குளிர்விக்கும் அதே கூலன்ட்தான்.

கே: என்னிடம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ இருக்கிறது. பழைய கே03 டர்போவைக் கழற்றிவிட்டு கேரட் நிறுவனத்தின் ஜிடி2860ஆர்எஸ் பால் பேரிங் டர்போவை மாட்டப் போகிறேன். எப்போதாவது கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் தடத்தில் ஓட்டுவேன். "பால் பேரிங்கில் உராய்வே கிடையாது, சூடாகாது, தண்ணீர்த் துளை இரண்டையும் அடைத்துவிடலாம்" என்கிறார் மெக்கானிக். அடைக்கலாமா?
– வாசகர், கோவை

ப: அடைக்காதீர்கள். உராய்வு குறைவு என்பது உண்மைதான். ஆனால் டர்போவின் நடுப்பகுதி சூடாவதற்குப் பேரிங் உராய்வு முக்கியக் காரணமே அல்ல. பக்கத்திலேயே டர்பைன் இருக்கிறதே, அதுதான் காரணம். பெட்ரோல் இன்ஜினை முழுச் சுமையில் ஓட்டும்போது டர்பைனுக்குள் நுழையும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தொடும், தாண்டவும் செய்யும். அந்தச் சூடு டர்பைன் சக்கரத்தோடு ஒட்டிப் பற்றவைக்கப்பட்ட ஷாஃப்ட் வழியாகவும், ஹவுசிங்கின் (வெளிக்கூட்டின்) இரும்பு வழியாகவும் பேரிங் இருக்கும் இடத்துக்கு வருகிறது.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை ஆயில் அதில் பெரும்பங்கை அள்ளிக்கொண்டு போய்விடும். சாவியைத் திருப்பிய பிறகுதான் சிக்கல். ஆயில் பம்ப் நின்றுவிடுகிறது. டர்பைன் ஹவுசிங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சேர்ந்து பல கிலோ இரும்பு, பல நூறு டிகிரி சூட்டோடு அப்படியே நிற்கிறது. அந்தச் சூடு மெதுவாக நடுப்பகுதிக்கு ஊர்ந்து வரும். அதனால் டர்பைன் பக்கத்துப் பேரிங்கில் சூடு உச்சத்துக்குப் போவது ஓடும்போது அல்ல, வண்டியை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து. நடுப்பகுதிக்குள் தண்ணீர் ஓடும் வழியான தண்ணீர் ஜாக்கெட் இருப்பதே முக்கியமாக இந்தச் சில நிமிடங்களுக்காகத்தான்.

மெக்கானிக் சொல்வதில் இன்னொரு விஷயமும் தலைகீழாக இருக்கிறது. ஜர்னல் பேரிங் டர்போவில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேலேயே மிதப்பதால் ஆயில் தாராளமாகப் பாய்கிறது, சூட்டையும் எடுத்துச் செல்கிறது. பால் பேரிங்குக்கு அவ்வளவு ஆயில் வேண்டாம். அதிகம் கொடுத்தால் சீல் ரிங்கைத் தாண்டிக் கசியும். அதற்காகத்தான் ஆயில் வரும் வழியில் 1 மில்லிமீட்டர் அளவுத் துளை உள்ள ரெஸ்ட்ரிக்டர் வைக்கிறோம். ஆயிலைக் குறைத்தால் ஆயில் தரும் குளிர்ச்சியும் குறையும். ஆக, பால் பேரிங் டர்போவுக்குத்தான் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தண்ணீர் வழி உள்ள டர்போ என்றால் அதை இணைத்துவிடும்படி கேரட் நிறுவனமும் சொல்கிறது.

உங்கள் வண்டியில் ஒரு வசதி உண்டு. கழற்றப் போகும் கே03 டர்போவே தண்ணீர்க் குளிர்ச்சி உள்ளதுதான். கூலன்ட் குழாய்கள் ஏற்கெனவே டர்போ வரை வந்து நிற்கின்றன. ஜிடி2860ஆர்எஸ்ஸின் தண்ணீர்த் துளைகள் எம்14×1.5 மரை. அதற்குப் பொருந்தும் பான்ஜோ போல்ட் (உள்ளே தண்ணீர் ஓடத் துளை உள்ள போல்ட்), அடாப்டர், புது வாஷர்கள் வாங்கினால் போதும். இதைத் தவிர்த்து மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

கே: தண்ணீர் லைனை எங்கிருந்து எடுத்து எங்கே விடுவது? ஏதோ ஓர் ஓரத்தில் செருகினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் நண்பர் ஒருவரின் வண்டியில் லைன் இருந்தும் டர்போ கருகிவிட்டது.
– வாசகர், ஓசூர்

ப: லைன் இருப்பது வேறு, அதில் தண்ணீர் ஓடுவது வேறு. அழுத்தம் அதிகமுள்ள இடத்திலிருந்து எடுத்து, குறைந்த இடத்தில் விட வேண்டும். இன்ஜின் பிளாக்கிலோ ஹீட்டருக்குப் போகும் ஹோஸிலோ எடுத்து, வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்திலோ ஹீட்டர் திரும்பும் ஹோஸிலோ விடுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் எடுத்தால் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டமே இருக்காது. ஒரே ஹோஸில் இரண்டு டீ (T) இணைப்பு போட்டு எடுத்து அதிலேயே விட்டவர்களும் உண்டு. இரண்டு முனைக்கும் அழுத்த வித்தியாசம் இல்லாததால் அங்கே தண்ணீர் தேங்கியே கிடக்கும். உங்கள் நண்பர் வண்டியில் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது உயரம். இன்ஜின் நின்ற பிறகு பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்குக் கீழிருந்து வரும். இந்த இயற்கை ஓட்டம் நடக்க மூன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் துளை தாழ்ந்தும், வெளியேறும் துளை உயர்ந்தும் இருக்க வேண்டும். வெளியேறும் ஹோஸ் டர்போவிலிருந்து சேருமிடம் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் ஒரு தொங்கல்கூடக் கூடாது. தொங்கும் இடத்துக்கு முன்னால் நீராவி சிக்கிக்கொண்டால் ஓட்டம் அங்கேயே அறுந்துவிடும். மூன்றாவது, நடு ஹவுசிங்கின் சாய்வு. இரண்டு துளையும் ஒரே மட்டத்தில் கிடைமட்டமாக இருந்தால் இந்த ஓட்டம் மந்தம். ஷாஃப்டை அச்சாக வைத்து ஹவுசிங்கை 20 டிகிரி அளவுக்குத் திருப்பினால் ஒரு துளை தாழ்ந்து மற்றது உயரும், உள்ளே சூடும் நன்றாகக் குறையும். அதற்கு மேல் திருப்ப ஆசைப்படாதீர்கள். ஆயில் வடியும் துளையும் கூடவே திரும்புகிறது. அது நேர்செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ஆயில் வடியாமல் தேங்கிப் புகை கக்கும்.

சுபாரு டர்போ கார்களின் பானெட்டைத் திறந்து பார்த்தால் இது புரியும். கூலன்ட் நிரப்பும் சிறு டாங்கியை டர்போவைவிட உயரத்தில் வைத்து, டர்போவிலிருந்து வரும் லைனை அதில் சேர்த்திருப்பார்கள். வண்டி நின்றதும் டர்போவின் சூடே தண்ணீரை அந்த டாங்கிக்குத் தள்ளுகிறது. தனி மோட்டார் எதுவும் வேண்டாம்.

குழாய் அளவு உள்விட்டம் 8 முதல் 10 மில்லிமீட்டர். தண்ணீர் லைனில் ரெஸ்ட்ரிக்டர் வைக்கக் கூடாது, அது ஆயிலுக்கு மட்டும். டர்போவை ஒட்டிய முதல் ஒரு முழத்துக்கு இரும்புக் குழாய் போடுங்கள். அதன் முனையில் புடைப்பு எடுத்து, பிறகு கூலன்ட்டுக்கான ரப்பர் ஹோஸை ஏற்றிக் கிளாம்ப் போடுங்கள். புடைப்பு இல்லாத வழுக்கைக் குழாயில் ஹோஸ் ஒருநாள் நழுவும். அது நடப்பது சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில். பான்ஜோவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எனச் செம்பு அல்லது அலுமினிய வாஷர், ஒவ்வொரு முறையும் புதிது. இரட்டை டர்போ என்றால் ஒன்றிலிருந்து வரும் தண்ணீரை இன்னொன்றுக்குக் கொடுக்காமல், தனித்தனியாகப் பிரித்துக் கொடுங்கள்.

மாட்டி முடித்ததும் வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்துக் கூலன்ட் ஊற்றுங்கள். மூடியைப் போடுவதற்கு முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திரும்பும் லைனின் முனையைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, சில விநாடிகள் ஐடிலில் ஓட்டிப் பாருங்கள். விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகத் தண்ணீர் வர வேண்டும். வரவில்லையென்றால் எடுத்த இடம் தவறு, அல்லது காற்று அடைத்திருக்கிறது. சூடான இன்ஜினில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

கே: நிசான் எஸ்15 சில்வியா கார் வைத்திருக்கிறேன். அசல் டி28 பால் பேரிங் டர்போதான். முன்பு வைத்திருந்தவர் தண்ணீர்த் துளைகளில் போல்ட் போட்டு அடைத்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. ஓட்டத்தில் குறை தெரியவில்லை. அப்படியே விடலாமா, பிரித்துப் பார்க்க வேண்டுமா?
– வாசகர், கிள்ளான், மலேசியா

ப: குறை தெரியாததற்குக் காரணம், கெடுதல் மெதுவாக ஏறுவதுதான். முதலில் பாதிக்கப்படுவது பேரிங் அல்ல. டர்பைன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிஸ்டன் ரிங் சீல்தான். அது ஒரு சின்ன ஸ்பிரிங் வளையம். மிகைச் சூட்டில் விறைப்பு இழந்துவிடும். அதைச் சுற்றித் தங்கிய ஆயில் 200 டிகிரியைத் தாண்டியதும் கெட்டியாகி, கருங்கரியாகி, ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தை அடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதோ, வெகுநேரம் ஐடிலில் நின்றுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதோ நீலப் புகை வந்தால் கட்டம் இதுதான்.

அதற்குப் பிறகுதான் பேரிங்கின் முறை. அந்தத் தலைமுறை பால் பேரிங்குகளில் பந்துகளைப் பிரித்துப் பிடிக்கும் கூண்டு பாலிமரால் ஆனது. பந்து சூட்டைத் தாங்கினாலும் கூண்டு தாங்காது. நொறுங்கியதும் பந்துகள் ஒரு பக்கமாகக் கூடிவிடும், ஷாஃப்ட் ஆடும், சக்கரம் ஹவுசிங்கை உரசும். உலோகக் கூண்டு உள்ள பேரிங்காக இருந்தாலும், சாதாரணக் குரோம் பேரிங் இரும்பு 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வெந்தால் கடினம் இழக்கும். பந்து ஓடும் தடம் மெல்லப் பொத்துப் பொத்தாகப் பெயரும். இப்போதைய உயர் ரகங்களில் சூடு தாங்கும் எம்50 இரும்பும் செராமிக் பந்துகளும் வருகின்றன. ஆனால் அவற்றிலும் ரிங்கும் ஆயிலும் பழையபடிதான்.

பார்க்க வேண்டிய முறை இது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு காற்று வரும் ஹோஸைக் கழற்றி, கம்ப்ரஸர் சக்கரத்தின் நட்டை இரு விரலால் பிடித்து மேலும் கீழுமாக அசையுங்கள். நல்ல பால் பேரிங்கில் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. ஜர்னல் பேரிங்கில் சிறிது ஆட்டம் இயல்பு என்பதால், அந்தப் பழக்கத்தில் "இவ்வளவு இருக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். பிறகு மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் நறநறத்தால் தடம் பெயர்ந்துவிட்டது. எக்ஸாஸ்ட் பக்கம் கழற்றி டர்பைன் பின்புறம் ஈரக் கரி இருக்கிறதா எனப் பாருங்கள். ஷாப்பில் முழுவதும் பிரித்தார்கள் என்றால் டர்பைன் முனையில் ஷாஃப்டின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வைக்கோல் மஞ்சள் என்றால் அந்த இடம் 220 டிகிரியைப் பார்த்திருக்கிறது, நீலம் என்றால் 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது. நீலம் ஓடிய ஷாஃப்டை மறுபடி மாட்ட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் உடனே தண்ணீரை இணைத்துவிடுங்கள். அதற்கு முன் துளைகளுக்குள் துரு, செதில் இருக்கிறதா என்று கம்பியும் காற்றும் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இன்னொரு எச்சரிக்கை: உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருக்கும்போது இரண்டு துளைகளையும் இறுக்கி அடைத்த டர்போ ஆபத்தானது. அடைபட்ட தண்ணீர் 200 டிகிரிக்குப் போனால் நீராவி அழுத்தம் 15 பார் அளவுக்கு ஏறும். அதனால் அந்த போல்ட்டுகளைக் கழற்றும்போதும் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும்.

கே: தண்ணீர்த் துளையே இல்லாத பால் பேரிங் டர்போக்களும் விற்கிறார்களே? அப்படியானால் தண்ணீர் அவசியமில்லை என்றுதானே பொருள்?
– வாசகர், சென்னை

ப: அவை வேறு கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. அமெரிக்காவின் பிரசிஷன் டர்போ நிறுவனம் தண்ணீர் வழியே இல்லாத, காற்றில் ஆறும் நடு ஹவுசிங்கோடு செராமிக் பால் பேரிங் டர்போக்களை விற்று வந்திருக்கிறது. நேர்க்கோட்டில் குறுந்தூரம் பாயும் டிராக் (drag) ரேஸ் வண்டிகளில் அவற்றை நிறையப் பார்க்கலாம். அங்கே முழுச் சுமை சில விநாடிகள்தான். எத்தனால், மெத்தனால் எரித்தால் புகையின் சூடும் பெட்ரோலைவிடக் குறைவு. குழாய்கள் குறைவதால் எடையும் கசிவு வாய்ப்பும் குறைகின்றன. அவர்களுக்கு அது நியாயமான தேர்வு.

எனவே "பால் பேரிங்கா, ஜர்னலா" என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. அந்த ஹவுசிங் தண்ணீரை நம்பி வார்க்கப்பட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். துளை இருந்தால் இணையுங்கள். துளை இல்லையென்றால் ஆயில் அளவு, வடிகால், நிறுத்துமுன் ஆறவிடுவது ஆகிய மூன்றும் அங்கே இரட்டிப்பு முக்கியம். தினமும் ஊருக்குள் ஓட்டி, நெரிசலில் நின்று, சூட்டோடு நிறுத்தும் பெட்ரோல் வண்டிக்கு எங்கள் சிபாரிசு தண்ணீர் உள்ள டர்போதான்.

கே: டர்போ டைமர் வைத்தால் தண்ணீர் லைன் வேண்டாம் அல்லவா?
– வாசகர், திருச்சி

ப: வேண்டும். சாவியை எடுத்த பிறகும் டைமர் சற்று நேரம் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு டர்பைன் இரும்பின் சூட்டைக் குறைக்கிறது, அவ்வளவே. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறாமல் ஓட்டி வந்தாலே அதே பலன், இன்னும் நன்றாகக் கிடைக்கும்.

கே: பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் போக வேண்டும்? ரெஸ்ட்ரிக்டர் எப்போது தேவை?
– வாசகர், கோவை

ப: இன்ஜின் உச்ச வேகத்தில் டர்போவின் வாயிலில் 40 முதல் 45 பிஎஸ்ஐ இருந்தால் போதும். உங்கள் இன்ஜின் 60 பிஎஸ்ஐக்கு மேல் தருகிறது என்றால் 1 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் அவசியம். சில டர்போக்களில் அது உள்ளேயே இருக்கும். தெரியாமல் இன்னொன்றைப் போட்டு ஆயிலைப் பட்டினி போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வாங்கியதும் ஆயில் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

துளை இவ்வளவு சிறியது என்பதால் ஆயில் லைனில் டெஃப்லான் டேப்பும் கேஸ்கட் பசையும் ஆகாது. ஓர் இழை உரிந்து வந்தாலும் அடைத்துவிடும். ஃபீட் லைனுக்கு (டர்போவுக்கு ஆயில் வரும் லைனுக்கு) புது ஹோஸ், உள்ளே கழுவி ஊதி. ஆயில் திரும்பும் குழாயின் உள்விட்டம் 13 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வளைவில் தேங்காமல், சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். 1.8 டர்போ இன்ஜினில் ஃபீட் லைன் எக்ஸாஸ்டை ஒட்டிப் போவதால் லைனுக்குள்ளேயே ஆயில் கரியாகும் வழக்கம் உண்டு. வெப்பத் தடுப்பு உறை போடுங்கள், முழு சிந்தெடிக் ஆயிலே ஊற்றுங்கள். மினரல் ஆயில் சீக்கிரம் கரியும்.

கே: லாரிகளில் டர்போவுக்குத் தண்ணீர் லைனே பார்த்ததில்லை. அவை லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றனவே?
– வாசகர், நாமக்கல்

ப: டீசல் புகையின் சூடு பெட்ரோலைவிட நூறு, இருநூறு டிகிரி குறைவு. அந்த டர்போக்கள் பெரும்பாலும் ஜர்னல் பேரிங், ஆயில் தாராளம். நிறுத்துமுன் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடும் லாரி ஓட்டுநர்களின் பழக்கமும் சேர்ந்துதான் அவற்றைக் காப்பாற்றுகிறது. சிறு டீசல் கார்களிலும், பழைய 1.3 மல்டிஜெட் போன்றவற்றில், தண்ணீர் இல்லாத டர்போதான். இன்றைய பெட்ரோல் டர்போ கார்களில் கதை வேறு. பேரிங் ஜர்னலாக இருந்தாலும் தண்ணீர் வழி இருக்கும்.

கே: டர்போவைவிட உயரத்தில் லைன் கொண்டுபோக இடமே இல்லை. போர் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் பரவாயில்லையா? என் கார் ரேஸ் தடத்துக்கு மட்டும்.
– வாசகர், பெங்களூரு

ப: உயரம் கிடைக்காதபோது வழி, சிறு மின்சாரக் கூலன்ட் பம்ப். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில், சாவியை எடுத்த பிறகும் இப்படி ஒரு பம்ப் சில நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்தைக் கேட்கலாம். அதே வகைப் பம்பைத் திரும்பும் லைனில் அல்லாமல், டர்போவுக்கு உள்ளே போகும் குளிர்ந்த பக்கத்தில் மாட்டுங்கள். பம்ப் தாழ்ந்த இடத்தில் இருந்தால் காற்று சிக்காது. டைம் டிலே ரிலே வைத்து 5 முதல் 10 நிமிடம் ஓடவிடுங்கள். தனி ஃபியூஸ் கட்டாயம். ஓட்டத் திசை இன்ஜின் பம்ப் ஓட்டும் திசையே என்பதைச் சரிபாருங்கள், எதிரெதிராகத் தள்ளினால் இரண்டுமே வீண்.

போர் தண்ணீர் கூடாது. டர்போவின் ஜாக்கெட் குறுகலானது. அதன் சுவரில் தண்ணீர் கொதிக்கும்போது உப்பு அங்கேயேதான் படிகிறது. அரை மில்லிமீட்டர் செதிலே சூடு கடக்கத் தடையாகிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி, 1.1 பார் மூடியோடு இருந்தால் கொதிநிலை 125 டிகிரிக்கு மேல் போகும். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் கொட்டினால் வழுக்கும் என்று பல ரேஸ் தடங்களில் அதை அனுமதிப்பதில்லை. அங்கே காய்ச்சி வடித்த தண்ணீரில் துருத் தடுப்பு மருந்தை மட்டும் கலந்து ஊற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இன்ஜின் ஆறியதும் மட்டத்தைப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் முதலில் பான்ஜோ வாஷரைச் சோதியுங்கள். அங்கே கசியும் தண்ணீர் சூட்டில் ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டு விழாது. வெண்படலம் மட்டும் படிந்திருக்கும்.